கொழுந்தன் கேட்ட சாவி

1

இந்த மாதத்தோடு நான் சாவி வெட்ட உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் முடிகிறது. பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர். அதன் ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதில் ஒரு பீரோ அளவுக்கு என் கடை. ஒரு பக்கம் செருப்புக்குக் குதிகால் மாற்றுவேன், மறுபக்கம் சாவிக்கு நகல் எடுப்பேன். புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊர் உறுவையாற்றில் கேட்டால் 'பிரான்சில் பிசினஸ்' என்பார்கள். நான் மறுத்ததில்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் பேச்சில் சொல்தா. அவர் புண்ணியத்தில் கிடைத்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு மகன் செருப்புத் தைக்கிறான் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

வருஷம் நிறைந்த அன்று காலை கடையைத் திறந்ததும் பக்கத்து ரொட்டிக் கடைப் பெண்ணிடம், இன்றோடு இருபத்தாறு வருஷம் சாவி வெட்டியாகிவிட்டது என்றேன். அவள் வாழ்த்திவிட்டு, சாவி என்ற சொல்லை நான் ஆண்பாலில் சொன்னதைத் திருத்தினாள். இந்த மொழியில் சாவி பெண். தினமும் கையில் பிடித்து அரம் போடும் பொருள் ஆணா பெண்ணா என்று தெரியாத ஆள் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. மகன் பிரவீணுக்குச் செய்தி அனுப்பினேன். உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. சின்ன வயதில் அந்த விரலைச் சூப்பிக்கொண்டு என் தோளில் தூங்கியவன்தான். இப்போது அதை மட்டும் அனுப்புகிறான்.

வேறு யாரிடம் சொல்வது? செவ்வாய்க்கிழமை என்றால் தங்கை கலாவதியிடம் சொல்லியிருப்பேன். அன்றும் செவ்வாய்க்கிழமைதான். ஆனால் செவ்வாய்க்கிழமைகள் இப்போது பழைய மாதிரி இல்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை மாற்றவில்லை. எது எது என்று என்னையே கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கலாவதியைக் கட்டிக் கொடுத்த வீடு கரும்பும் நெல்லுமாக ஏழு காணி உள்ள வீடு. அவளுக்கு ஒரே பெண், பவித்ரா. அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப்பில் வேலை பார்த்தாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் ஸ்டீபனைப் பிடித்துப்போயிற்று. பாகூர்ப் பக்கத்துப் பையன். அவன் அப்பாவும் அம்மாவும் இந்த மாதிரி வீடுகளின் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அவனைப் படிக்க வைத்தவர்கள். சாதியும் வேறு, சாமியும் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் வீட்டுக்கு வரவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறொரு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஊர் எது என்று உலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அவர்கள் இருவர், கலாவதி, நான்.

மச்சான், அதாவது கலாவதியின் வீட்டுக்காரர், பெண் செத்துவிட்டதாகச் சொல்லித் தலை முழுகிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அவருடைய தம்பி சேகர்தான் பேசாமல் இருக்கவில்லை. "கெடைக்கட்டும் அண்ணி, ரெண்டு பேரையும் ஒரே குழியில வெக்கிறேன்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, குழம்பு ஊற்றும் அண்ணியிடமே சொன்னவன். வெறும் வாய் என்று விட்டுவிடலாம். ஆனால் அவன் போலீசில் இருக்கிறான். எந்த ஸ்டேஷன் என்பது பூட்டிய பெயர்களில் ஒன்று.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பவித்ராவின் எண் கலாவதியின் போனில் இருக்காது. பவித்ரா எனக்கு வாய்ஸ் அனுப்புவாள். நான் அதைத் தங்கைக்குத் தள்ளிவிடுவேன். அவள் கேட்டுவிட்டு அழித்துவிடுவாள். பதில் என் வழியாகத் திரும்பிப் போகும். செவ்வாய்க்கிழமை மச்சான் மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போய்விடுவார். கலாவதி மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று பேசுவாள். அங்கே காலை பதினோரு மணி, இங்கே ஆறரை. நான் அடுப்பில் காபியை வைத்துவிட்டு இரண்டு பெண்களுக்கு நடுவில் தபால்காரனாக நிற்பேன்.

பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். "ண்ணா, அவகிட்ட சொல்லு, தலைக்கு எண்ணெ வெக்காம குளிக்காதன்னு." அங்கிருந்து, "மாமா, அம்மாவுக்கு முட்டி வலி எப்பிடிக் கீதுன்னு கேளு." இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் என் வழியாகப் போய்வரும். தாய்மாமன் என்ற பதவிக்கு ஊரில் சீர் வரிசை, முதல் மரியாதை, மணமேடையில் இடம் எல்லாம் உண்டு. எனக்குக் கிடைத்தது இதுதான். இதைவிடப் பெரிய பதவி எனக்கு வாய்த்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இதெல்லாம் பாதுகாப்பா என்று கலாவதி ஆரம்பத்தில் கேட்டாள். என் தொழில் மொழியில் விளக்கினேன். "நீ பேசுறது உன் போன்லயே பூட்டிடும். சாவி என் போன்ல மட்டும்தான் கீது. நடுவுல எடுத்துட்டுப் போறவனால தெறக்க முடியாது. அந்தக் கம்பெனிக்காரனாலயும் முடியாது."

"கவர்மென்ட்டால?"

"கவர்மென்ட்டாலயும் முடியாது."

"கவர்மென்ட்டால முடியாதது ஒன்னு கீதா" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

3

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் கறி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறான். டி.வி.யில் யாரோ நாலு பேர் உட்கார்ந்து, செய்திகளைப் பூட்டும் சாவியில் ஒரு நகலை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். கொடுத்தால் குற்றவாளிகளைப் பிடிக்கலாம் என்று ஒருவர். கொடுத்தால் எல்லோர் வீடும் திறந்து கிடக்கும் என்று இன்னொருவர். சேகர் எலும்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னானாம்:

"இதுல பேச இன்னா கீது? எங்களாண்ட சாவி வந்துக்கினே கீது அண்ணி. இனிமே எவன் எவளுக்கு இன்னா அனுப்புனாலும் ஸ்டேஷன்ல உக்காந்து பாத்துக்கலாம். பழசு உட்பட."

'பழசு உட்பட' என்று சொல்லும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னானா, கலாவதியைப் பார்த்துக்கொண்டு சொன்னானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சந்தேகத்தில் சொன்னானா, பெருமைக்குச் சொன்னானா என்று எனக்கும் தெரியவில்லை. அவன் கையில் எந்தச் சாவியும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இருந்திருந்தால் அவன் கறியோடு வந்திருக்க மாட்டான்.

ஆனால் கலாவதிக்கு அரசாங்கம் என்றால் டெல்லி இல்லை. புதுச்சேரிகூட இல்லை. எங்கள் ஊர்களில் அரசாங்கம் என்பது யாராவது ஒரு சொந்தக்காரர். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் சித்தப்பா, கரண்ட் ஆபீசில் மாப்பிள்ளை, ஸ்டேஷனில் கொழுந்தன். அதனால்தான் சர்டிபிகேட் சீக்கிரம் கிடைக்கிறது, அதனால்தான் ரகசியம் தங்குவதில்லை. அரசாங்கத்திடம் ஒரு சாவி கொடுப்பது என்றால், டி.வி.யில் பேசியவர்களுக்கு அது கொள்கை. என் தங்கைக்கு அது சேகர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது, அப்போதைக்கு அவளுடைய கடைசி வாய்ஸ். மோட்டார் சத்தம் இல்லை. கிசுகிசுப்பாக ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்தாள்.

"ண்ணா, இனிமே இதுல ஒன்னும் அனுப்பாத. அவளையும் அனுப்ப வேணாம்னு சொல்லு. எல்லாத்தயும் அழிச்சிட்டேன். நீயும் அழிச்சிடு."

நீளமாக விளக்கி நான் அனுப்பிய பதிலை அவள் கேட்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு, போனைத் தொடாமல் இருப்பது. காபி வைத்துக்கொண்டு ஏழு செவ்வாய்க்கிழமைகள் நின்றேன். குக்கர், குழாய், மேல் வீட்டுக்காரர் நாற்காலியை இழுப்பது என்று இந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. எதுவுமே எனக்காக எழுந்த சத்தம் இல்லை.

4

அந்தச் சமயத்தில் பிரவீண் ஒரு ஞாயிறு மதியம் வந்தான். அவன் இங்கே ஓர் அரசாங்க அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறான். நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். இருவரும் அவரவர் வீட்டு வாசலில் நின்று பேசுவது மாதிரி இருக்கும். இங்கேயும் அதே சாவி விவகாரத்தை அவ்வப்போது ஒரு பெயரில் கிளப்புவதும், பிறகு கிடப்பில் போடுவதுமாக இருக்கிறார்கள். அவன் அதற்குக் கொஞ்சம் சாதகம்.

"நீதிபதி உத்தரவு இருந்தாத்தான் திறப்பாங்க பப்பா. குழந்தைகளைக் கெடுக்கிறவன், குண்டு வைக்கிறவன், அவனைப் பிடிக்க வேண்டாமா?"

"பிடிக்கணும்டா. நான் எங்க வேணாம்னேன்?"

"மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு என்ன பயம்?"

அவனுக்குப் பவித்ரா கதை தெரியாது. அத்தை மகள் என்றால் அவனுக்குப் பழைய படம் ஒன்றில் பார்த்த முகம்தான். நான் அந்தக் கதையைச் சொல்லவில்லை. சாவிக் கதை ஒன்று சொன்னேன்.

இந்த ஊர்க் குடியிருப்புகளின் வெளிக்கதவுகளில், தபால்காரர் உள்ளே போய்ப் பெட்டியில் கடிதம் போடுவதற்கென்று ஒரு பொதுப் பூட்டு இருக்கும். அத்தனை கட்டடங்களுக்கும் ஒரே மாதிரி சாவி. தபால்காரரிடம் மட்டும் இருக்க வேண்டியது. பிறகு மீட்டர் பார்ப்பவருக்கு வேண்டியிருந்தது. பிறகு விளம்பரத் தாள் போடுபவருக்கு, குழாய் ரிப்பேர்காரருக்கு. மாதத்துக்கு ஒருவராவது என் கடைக்கு வந்து அந்தச் சாவியை நீட்டி நகல் கேட்கிறார். 'நீங்கள் தபால்காரரா?' என்றால் 'ஆமாம்' என்பார். காலில் இருப்பது முதலைத் தோல் செருப்பு. நான் வெட்டிக் கொடுப்பதில்லை. அடுத்த கடைக்காரன் கொடுக்கிறான். எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டில் திருடு போனபோதும் கட்டடத்தின் வெளிக்கதவு உடைக்கப்படவில்லை.

"சாவிக்குக் கை தெரியாதுடா" என்றேன். "நல்லவன் கைக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு சாவிய இத்தனை வருஷத்துல நான் வெட்டினதில்ல. எவனும் வெட்டினதில்ல."

"அது இரும்பு பப்பா. இது கணக்கு. வேற வேற."

"கணக்கு வேறதான். கை அதேதான்."

அவன் சிரித்தான். நடுவில் பிரெஞ்சில் சொன்ன 'சாவி'யை நான் மறுபடியும் ஆண்பாலில் சொல்லியிருந்தேன் என்பதற்காகச் சிரித்தானா, ஒத்துக்கொண்டு சிரித்தானா என்று கேட்கவில்லை. மூன்று மணிக்கு ரயில் என்று கிளம்பிவிட்டான். மூன்றே காலுக்கும் மூன்றரைக்கும்கூட ரயில் உண்டு. நிலையத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பவனுக்கு அட்டவணை மனப்பாடம்.

5

எட்டாவது வாரம் பவித்ராவிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது.

"மாமா, அம்மா அனுப்பாதன்னு சொன்னது தெரியும். இது ஒன்ன மட்டும் எப்பிடியாச்சும் கேக்க வெச்சிடு. அம்மா, எனக்கு இது ஒன்பதாம் மாசம்மா. ஒனக்குச் சொல்லாம இருந்தேன், நீ அழுவியேன்னு. கைல வளையல் போட இங்க யாரும் இல்ல, நானே வாங்கிப் போட்டுக்கினேன். பச்சையும் செவப்பும். பயமா கீதும்மா. நீ ஒன்னும் பண்ண வேணாம், ஒரு வாட்டி என் பேரச் சொல்லி ஒரு வாய்ஸ் போடு. போதும்."

நாற்பது விநாடி. இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

இதை எப்படிச் சேர்ப்பது? போனில் அனுப்பினால் தங்கை திறக்க மாட்டாள். சாதாரணமாகக் கூப்பிட்டால் வீட்டில் யார் எடுப்பார்கள் என்று தெரியாது. கடிதம் எழுதலாம் என்றால், அவள் தெருவில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதம் வருவதும் தேர் வருவதும் ஒன்று.

அப்போதுதான் இங்கே வசிக்கும் பூரணாங்குப்பத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போவதாகச் சொன்னார். இங்கிருந்து யார் ஊருக்குப் போனாலும் அவர் பெட்டியில் நாலு வீட்டுச் சாமான் இருக்கும். என் சாமானும் போகும். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பூட்டுக்காரன் விழித்துக்கொண்டான்.

ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் பேசும் சின்ன ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். போனில் இருந்த குரலை அதில் ஏற்றினேன். கைக்கு அடக்கமான ஓர் இரும்புப் பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டிக்கு என் கடையிலேயே உயர்ந்த பூட்டைப் போட்டேன். அதற்கு நகல் வெட்ட வேண்டுமென்றால் உரிமையாளர் அட்டை காட்ட வேண்டும். ஒருமுறை என் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு, அட்டை வீட்டுக்குள் மாட்டிக்கொள்ள, எனக்கு நானே சாவி வெட்டிக்கொள்ள முடியாமல் மூன்று வாரம் விண்ணப்பம் எழுதினேன். அவ்வளவு கறாரான பூட்டு. பெட்டியைச் சாக்லேட், வலி தைலம், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றுக்கு நடுவில் புதைத்தேன். சாவியை மட்டும் தனியாக அவரிடம் கொடுத்து, கலாவதியின் கையில் தனியாகக் கொடுக்கச் சொன்னேன். பூட்டு பெட்டிக்குள், சாவி அவர் சட்டைப் பையில். பெரிய பெரிய கணித மேதைகள் செய்வதை ஓர் அட்டைப்பெட்டியில் செய்துவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருஷத்தில் நான் மறந்துபோனது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் பிரான்சிலிருந்து வரும் பெட்டியை யாரும் தனியாகப் பிரிக்க மாட்டார்கள்.

6

நடந்ததை அன்று மதியமே கலாவதி சொன்னாள். ஆகவே பார்த்த மாதிரி எழுதுகிறேன்.

பூரணாங்குப்பத்துக்காரர் காலையிலேயே வந்து, சொன்னபடி சாவியை அவள் கையில் தனியாகக் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்கில் மாட்டிக்கொண்டாள். அவள் மாதிரிப் பெண்கள் பீரோ சாவியை வைக்கும் இடம் அதுதான். பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறாள். முடியுமா? மாமியார் கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாக்லேட் வாசனைக்கு வந்துவிட்டார்கள். மச்சான் சேகருக்குப் போன் போட்டு, "ஒங்க அண்ணி வூட்டுலருந்து பொட்டி வந்துருக்குடா, தைலம் வேணும்னியே" என்றார். கூடத்தில் பாய் விரித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, மச்சான் அரிவாள்மனையால் டேப்பை அறுத்தார்.

சாக்லேட் வந்தது. எண்ணெய் வந்தது, முகர்ந்து பார்த்து வைத்தார்கள். தைலம் சேகருக்குப் போயிற்று. பிறகு இரும்புப் பெட்டி வந்தது.

"இன்னாது அண்ணி இது, ஒங்க அண்ணன் பூட்டு போட்டு அனுப்பிருக்காரு?"

"அது... பழைய போட்டோவா இருக்கும்."

"போட்டோவுக்கு ஏன் பூட்டு? தங்கம் கிங்கமா?" என்று மாமியார்.

"சாவி எங்க?" என்றான் சேகர். அவன் கண் அவள் கழுத்துக்குப் போயிற்று. பீரோ சாவி மங்கல். இது பளபள என்று புதுசு. "அதானே?"

"அது பீரோ சாவி தம்பி."

"பீரோவுக்கு ரெண்டு சாவியா? குடுங்க அண்ணி. மறைக்க ஒன்னும் இல்லன்னா தெறக்க வேண்டியதுதான?"

என் மகன் என் மேசையில் சொன்ன அதே வாக்கியம். அவன் நல்ல எண்ணத்தோடு சொன்னான், இவன் கையை நீட்டிக்கொண்டு சொன்னான். கூடத்தில் ஒன்பது பேர். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அதுவே வாக்குமூலம். கொழுந்தன் எல்லோர் முன்னாலும் கேட்கும்போது ஒரு பெண்ணால் 'இது என்னுடையது' என்று சொல்ல முடிகிற வீடு எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

அவள் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

உள்ளே என்ன என்று அவளுக்கே தெரியாது. சேகர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். *அம்மா, எனக்கு இது ஒன்பதாம் மாசம்மா.*

மாமியார் கையில் சாக்லேட் தாள் கசங்கும் சத்தம்கூடக் கேட்டதாம். மச்சான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கலாவதி அந்த நாற்பது விநாடியும் கேட்டாள். "ண்ணா, பச்சையும் செவப்பும் போட்டுக்கினாளாம்ண்ணா" என்று எனக்கே சொன்னாள், எனக்குத் தெரியாத மாதிரி.

முடிந்ததும் சேகர் இன்னொரு தடவை அழுத்தினான். காதருகே வைத்துக்கொண்டான். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தான்.

பவித்ரா தான் இருந்த ஊரின் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அதைப் பேசியிருக்கிறாள். பின்னால் தூரத்தில் ஒரு கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருக்கிறார். இருபது தடவை கேட்ட எனக்கு அது விழவில்லை. நான் அவள் குரலைக் கேட்டேன். சேகர் அவள் குரலைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டான்.

7

கலாவதி மோட்டார் கொட்டகைக்கு ஓடி, சாதாரணப் போன் அழைப்பிலேயே என்னைக் கூப்பிட்டாள். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்ற குரல். "ண்ணா, ஊர மாத்திக்கச் சொல்லு. இப்பவே. அவன் கெளம்பிட்டான்."

நான் பவித்ராவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். என் முட்டாள்தனத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் "அதெல்லாம் அப்புறம் மாமா" என்று வைத்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வாய்ஸ் வந்தது. ஓடும் வண்டிச் சத்தம்.

"மாமா, கெளம்பிட்டோம். எங்கன்னு சொல்ல மாட்டேன், தப்பா நெனச்சிக்காத. ஒன்கிட்ட இருந்தா அம்மாகிட்டப் போவும், அம்மாகிட்ட இருந்தா வாங்கிக்கிவாங்க. இந்த நம்பரத் தூக்கிப் போட்டுடுறேன். அம்மா என் பேரச் சொன்னாங்களா மாமா?"

பதில் சொல்லத் தொடங்குவதற்குள் எண் அணைந்துவிட்டது. அதோடு அவ்வளவுதான். சேகர் வெறுங்கையோடு திரும்பினான் என்பது தெரியும். அவன் வெறுங்கையோடு திரும்பியது ஒன்றுதான் இந்தக் கதையில் நல்ல செய்தி. குழந்தை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா தெரியாது. அவனுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது, அதனால்தான் இதை இவ்வளவு தாராளமாக எழுத முடிகிறது.

அடுத்த முறை பிரவீண் வந்தபோது முழுவதையும் சொன்னேன். நடுவில் பிரெஞ்சுச் சொல் தேடாமல், தமிழிலேயே. முடித்ததும், அவனும் தமிழில், கல்லில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னான்:

"ஆனா அப்பா, இதுல எந்தச் சட்டமும் வரல. யாரும் மெசேஜைத் திறக்கல. கவர்மென்ட் கைல சாவியே இல்ல."

"ஆமாம்டா. நானும் அதைத்தான் சொல்றேன். வரப்போவுதுன்னு ஒருத்தன் சொன்னான். அதுக்கே இவ்வளவு."

அவன் அன்று மூன்றரை ரயிலுக்குப் போனான்.

சாவி கொடுத்தால் என்ன இழப்பு என்று டி.வி.யில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை செய்திகள் திறக்கப்படும் என்று எண்ணுகிறார்கள். பயந்து அனுப்பாமல் போன செய்திகளை எண்ண வழி இல்லை. பயந்து வேறு வழியில் அனுப்பிய செய்திகளையும் எண்ண முடியாது. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. நாங்கள்தான் அதை விட்டுவிட்டு, ஒன்பது பேர் சுற்றி உட்காரும் பாயில் கொண்டுபோய் எங்கள் ரகசியத்தை வைத்தோம். அதில் என் பங்கு உயர்தரமான பூட்டு.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கலாவதியின் வாய்ஸ் மறுபடி வந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லையே, பயம் போய்விட்டது. மழை, கரும்புக்கு ஆலையின் வெட்டு உத்தரவு, மாமியாரின் கண் ஆபரேஷன். மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி, சபைக்குப் பேசும் தமிழ். "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்ண்ணா." அவ்வளவு சுத்தமான வாக்கியத்தை அவள் வாயில் நான் கேட்டதில்லை. முதல் வாய்ஸ் அப்படி முடிந்தது என்று நினைத்துப் போனை வைக்கப் போனேன். முடியவில்லை. பேச்சு நின்ற பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம், கொஞ்ச நேரம். பிறகு, அந்தச் சத்தத்துக்குள்ளே, ஒரே ஒரு தடவை, "பவி."

ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் முடிக்கிறாள். யாருக்கு என்று அவள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

நான் தபால்காரன். காபியை இறக்கி வைத்துவிட்டு அதை அந்தப் பழைய எண்ணுக்குத் தள்ளிவிடுகிறேன். பக்கத்தில் ஒற்றைக் குறி விழுகிறது. போய்ச் சேர்ந்தால் இரண்டாவது விழ வேண்டும். இருபத்தாறு வருஷம் முடிந்த அன்றும் ஒன்று அனுப்பினேன். இதுவரை முப்பத்தொரு 'பவி' அங்கே வரிசையில் நிற்கிறது. அவற்றைச் சேகரால் திறக்க முடியாது, கம்பெனியால் முடியாது, எந்த அரசாங்கத்தாலும் முடியாது. கேட்க வேண்டியவளாலும் முடியாது. இவ்வளவு பத்திரமான பூட்டை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.